சும்மா பார்ப்பவர்கள்

எதையும் வாங்காமல் கடைகடையாக வேடிக்கை பார்த்து நடப்பதற்குப் பிரெஞ்சு மொழியில் ஒரு சொல் உண்டு: லெஷ்-வித்ரின். நேர்ப்பொருள், கடைக்கண்ணாடியை நக்குவது. நாம் கொஞ்சம் நாசூக்காக, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்போம். இரண்டில் பிரெஞ்சுச் சொல்தான் நேர்மையானது. நாக்குக்கும் பண்டத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருப்பதை அது மறைக்கவில்லை.

பாரிஸில் ஒரு நாளை இப்படிக் கரைப்பது மிகச் சுலபம். 1800 வாக்கில் திறக்கப்பட்ட பசாஜ் தே பனோரமாவுக்குள் நுழையலாம். கண்ணாடிக் கூரை போட்ட குறுகிய சந்து. பழைய தபால்தலைகள், யாரோ யாருக்கோ எழுதிய அஞ்சலட்டைகள். புல்வார் மோன்மார்த்ரைக் கடந்தால் எதிரிலேயே பசாஜ் ஜுஃப்ருவா: பொம்மைகள், பழைய புத்தகங்கள். பசித்தால் பக்கத்துத் தெருவில் 1896 முதல் இருக்கும் பூயோன் ஷார்த்தியே. மேசையில் விரித்த காகிதத்திலேயே சர்வர் கணக்கு எழுதுவார். பூயோன் என்றால் இறைச்சி வெந்த சாறு. உழைப்பாளிகள் குறைந்த காசில் சூடாக ஏதாவது சாப்பிட உருவான கடைகள் அவை. இன்று அதன் வாசலில் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் எடுக்கவில்லை. பார்ப்பதற்குக் காசா பணமா?

பார்ப்பது எப்போதும் இப்படி இலவசமாக இருந்ததில்லை. பழைய பாரிஸில் கடைக்குள் கால் வைத்தால் வாங்க வந்தவர் என்றுதான் அர்த்தம். பேரம் பேசாமல் வெளியே வருவது சங்கடம். 19-ஆம் நூற்றாண்டின் பெரும் அங்காடிகள் இதை மாற்றின. 1852-இல் அரிஸ்தீத் பூசிக்கோ பங்குதாரராகச் சேர்ந்த பின் வளர்ந்த போன் மார்ஷேயில் விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே வர, தொட்டுப் பார்க்க, வெறுங்கையோடு திரும்ப யாருக்கும் தடையில்லை. எமில் ஸோலா 1883-இல் இத்தகைய ஒரு அங்காடியையே நாவலாக்கினார். சும்மா பார்க்கும் சுதந்திரம் விற்பனைக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று. அதே சுதந்திரம்தான் நடுத்தர வர்க்கப் பெண்கள் ஆண்துணை இல்லாமல் நகரத்தில் உலாவ ஒரு கௌரவமான இடத்தையும் தந்தது. வியாபாரியின் தந்திரம் என்று மட்டும் சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போதலேருக்கு 'ஏழைகளின் கண்கள்' என்றொரு உரைநடைக் கவிதை உண்டு. புதிய புல்வாரில் பளபளக்கும் புதிய கஃபே ஒன்றில் காதலர் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். வெளியே கந்தல் உடையில் ஒரு தகப்பன், இரண்டு பிள்ளைகள். கஃபேயின் அழகை அவர்கள் அப்படியே பார்த்து நிற்கிறார்கள். அவனுக்குத் தன் முன்னால் இருக்கும் கோப்பைகளைப் பார்க்கவே கூச்சமாகிறது. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பித் திரும்பினால், அவர்களை விரட்டச் சொல்லக்கூடாதா என்கிறாள் அவள். அந்த மூவர் செய்வதும் லெஷ்-வித்ரின்தான். ஆனால் அதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை.

கண்ணாடிக்கு இரண்டு பக்கம். நாம் சொல்லும் 'சும்மா'வுக்கும் இரண்டு பக்கம் உண்டு. வாங்க முடிந்தவர் வாங்காமல் நின்றால் அது ரசனை, வாங்க முடியாதவர் நின்றால், "என்ன வேணும்?" என்ற கேள்வி வரும். சட்டைப்பையில் விசாவும் திரும்பும் டிக்கெட்டும் இருப்பவர் தெருமுனையில் அரைமணி நேரம் நிற்கலாம். அங்கேயே பிறந்த கறுப்பின, அரபு இளைஞன் நின்றால் போலீஸ் அடையாள அட்டை கேட்கும். தோற்றத்தை வைத்து அப்படிச் சோதிப்பது அரசின் பாரதூரமான தவறு என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் தமிழும் இருக்கிறது. ஷார்த்தியேவிலிருந்து கொஞ்சம் கிழக்கே நடந்தால் இந்திய, பாகிஸ்தானிய உணவகங்கள் நிறைந்த பசாஜ் பிராடி. அங்கிருந்து ஃபோபூர் சென்-தெனி தெருவில் வடக்கே போனால் லாச்சப்பல். தமிழில் பெயர்ப்பலகை, வாழையிலை, நகைக்கடை. போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர் பலர் இந்த நகரத்து உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். நாம் நிதானமாக உண்டு எழுந்த தட்டு உள்ளே போகும் பக்கமும் பாரிஸ்தான்.

அதற்காக அந்த மதிய உணவைக் குற்றவுணர்ச்சியோடு சாப்பிட வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போதலேரின் காதலன் வெட்கப்பட்டான். அதனால் வெளியே நின்ற குழந்தைகளுக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை. ஆசையே வேண்டாம் என்ற துறவும் இதற்குப் பதில் ஆகாது. வேலை முடிந்து களைத்தவனிடம் அதைச் சொன்னால் அடி விழும்.

ஓய்வைக் கேட்டு வாங்கிய வரலாறு ஒன்றும் அதே நாட்டில் உண்டு. 1936-இல் பெரும் வேலைநிறுத்தங்களை ஒட்டித்தான் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு இரண்டு வாரச் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது. அதுவரை சும்மா இருப்பது வசதியானவரின் குணமாக இருந்தது. அன்று அது எல்லோருக்குமான பங்கு ஆனது.

என் சோதனை இவ்வளவுதான்: இந்த மதியம் என் தட்டைக் கழுவுபவருக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேனா? அதனால் சாப்பாட்டு விலை ஏறினால், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தால் முணுமுணுக்காமல் இருப்பேனா? முணுமுணுப்பேன் என்றால் என் ஓய்வு அவருடைய நேரத்தில் எடுத்த கடன். 'சும்மா இரு' என்பதை நம் சித்தர் மரபு பெரும் பேறாகச் சொன்னது. வீட்டிலோ அதே சொல்லைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். யாருக்கு அது பேறு, யாருக்கு அது திட்டு என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.