தாயின் உடம்பு யாருடையது?

பிள்ளை பெற்ற பெண் தன் தேகத்தைப் பேணுவது கடமையா, ஆடம்பரமா? இக்கேள்வியைக் கேட்டால் நம்மவரில் பலர் நகைப்பர். பிள்ளையைப் பேணுவது தாயின் வேலை, தன்னைப் பேணுவது குமரிகளின் வேலை என்று தீர்ப்பும் கூறிவிடுவர். இத்தீர்ப்பு நியாயமானதா என்று சற்று ஆராய்வோம்.

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இரண்டாம் பேற்றுக்குப்பின் ஆபீசுப் படிகளை ஏறுவதற்குள் மூச்சிரைத்தது. தளர்ந்த வயிற்றை மேலாடையால் மறைப்பதும், படம் பிடிக்கும்போது பிறர் முதுகுக்குப்பின் ஒதுங்குவதும் வழக்கமாயின. கர்ப்ப காலத்தில் வயிற்றின் நடுத்தசைகள் விலகுவது இயற்கை என்றும், மூச்சுப் பயிற்சியாலும் மெல்லிய அசைவுகளாலும் அவை படிப்படியாக வலுப்பெறக் கூடும் என்றும் தாதி ஒருவர் விளக்கினார். என் உடம்பு கெட்டுப்போகவில்லை, பெரிய வேலையொன்றைச் செய்து களைத்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

மாலையில் நடக்கத் தொடங்கினேன். முதல் வாரம் பத்தே நிமிடம். "பிள்ளை அழுகிறது, நீ உலாத்தப் போகிறாயா?" என்று மாமியார் கேட்டார். அச்சொல் சுருக்கென்று தைத்தது. ஆயின் அதில் ஒரு விந்தையும் உண்டு. அவர் இளமையில் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, இருட்டோடு பால்மரம் சீவப் போனவர். காண்டா வாளி சுமந்தவர். பிள்ளையை விட்டுப் போகிறாயே என்று அன்று எவரும் அவரைக் குற்றஞ் சொல்லவில்லை. துரைக்காக உழைத்தால் அது உத்தம உடம்பு. தனக்காக அரைமணி நடந்தால் அதுவே ஊர் சுற்றும் உடம்பு! பெண்ணின் தேகம் பிறர்க்குதவும் கருவி மட்டுமே என்ற எண்ணமன்றோ இதற்கு வேர்?

நான் நடக்கும் வழி, சுங்கை பூலோவில் 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயர் குடியிருப்பின் பக்கமாகச் செல்கிறது. இன்று அங்கே செடி விற்கும் நாற்றுப்பண்ணைகள் செழித்திருக்கின்றன. அக்காலத்திலோ, அங்கு பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். பின்னர் நோய் மருந்துக்குக் கட்டுப்பட்டது. உலகத்தார் ஏற்றிய வெட்கம் அவ்வளவு எளிதில் கட்டுப்படவில்லை. என் சிறு கூச்சத்தை அத்துயரத்தோடு ஒப்பிடத் துணியேன். ஆயினும் அவ்வழியில் ஒன்று கற்றேன்: வெட்கம் உடம்பில் பிறப்பதன்று, பார்ப்பவர் கண்ணிலிருந்து வந்து நம்முள் குடியேறுவது.

இனி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கன்னிப் பருவத்து இடை திரும்பவேண்டும் என்று கண்ணாடி முன் ஏங்குவதும் ஓர் அடிமைத்தனமே. ஓராண்டில் என் எடை குறைந்தது மூன்றே கிலோ. ஆனால் இப்போது மூன்று கிலோமீட்டர் களைப்பின்றி நடக்கிறேன். பத்துக் கிலோ அரிசி மூட்டையை மாடிக்குச் சுமக்கிறேன். படத்தில் முன்வரிசையில் நிற்கிறேன். வடு அப்படியே இருக்கிறது, கூச்சந்தான் போய்விட்டது.

மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, 2008இல் மறுபடியும் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்றார். தாய்மார் அனைவரும் அவரைப்போல் ஆகவேண்டும் என்பதன்று என் வாதம். அவர் பயிற்சிக்குச் சென்றபோது குழந்தைகளை வைத்துக்கொண்டவர் அவர் கணவர் என்பதையே இங்கு நினைவூட்டுகிறேன். பிள்ளை பெற்ற பெண்கள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடற்பயிற்சி செய்வது நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. மலேசியச் சட்டமும் 2023 முதல் மகப்பேற்று விடுமுறையை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியிருக்கிறது. ஆனால் அதற்குப் பிந்திய அரைமணியை எந்தச் சட்டமும் தராது, வீட்டார்தாம் தரவேண்டும்.

ஒரு மாலை மாமியார் தாமே குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போய் வா, இருட்டுமுன் திரும்பிவிடு" என்றார். எங்கள் வீட்டில் வழக்கு அன்று தீர்ந்தது. சகோதரர்களே, உங்கள் வீட்டில் அது இன்னும் நிலுவையில் இருக்குமானால், இன்று மாலையே பிள்ளையைக் கையில் வாங்குங்கள்.