பரிசு கைநழுவிய பின்

'அயன்மேன்' எனப்படும் நெடுந்தொலைவுப் போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்று, 42 கிலோமீட்டர் ஓட வேண்டும்; அனைத்தும் ஒரே நாளில். ஓட்டம் மட்டுமே, இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறக்குறைய இருமுறை சென்று திரும்பும் தொலைவு!

1982 பிப்ரவரியில் ஹவாய்த் தீவில் நடந்த இப்போட்டியில், பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த ஜூலி மாஸ், எல்லைக்கோட்டை நெருங்கிய நிலையில் தளர்ந்து விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மாஸ் அங்கேயே கிடந்துவிடவில்லை. தவழ்ந்து சென்று, 29 நொடிகள் பிந்தி எல்லைக்கோட்டைத் தொட்டார்.

பரிசு போன பின் தவழ்வது எதற்காக? பரிசு கண்ணெதிரே இருக்கும்வரை, நம் உழைப்பில் கடமை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்பதை நாமே அறியோம். அது கைநழுவிய பின்னும் எஞ்சி நிற்பதே நம் உண்மையான உறுதி.

இராஜபாளையத்து நூற்பாலையில் இரவுப்பணி முடித்து வரும் பெண்ணொருத்தி, படுக்கையில் கிடக்கும் தாய்க்குக் கஞ்சி ஊட்டுகிறாள். தாய் இனி எழமாட்டாள் என்பதை அவள் அறிவாள், பாராட்டுவோரும் இல்லை. ஆயினும் மறுநாளும் ஊட்டுகிறாள். தோல்வி என்று உலகம் எண்ணும் இடத்திலிருந்தே அன்பு தன் இறுதித் தொலைவைக் கடக்கத் தொடங்குகிறது.