கொடியிறங்கிய பின்பும் நடப்போம்



மகோற்சவம் தொடங்கினால் எமது ஊரில் கால்வலிக்காரரும் நடப்பார். விடியத் தோய்ந்து, வீதி சுற்றிக் கும்பிட்டு, மச்சம் விலக்கி, ஒருநேர உணவோடு இருப்பார். பூங்காவனம் முடிந்த மறுநாளே கோயில் வாசல்வரை மோட்டார் சைக்கிள்தான். அடியேனும் அப்படியே. சலரோகம் என்று வைத்தியர் சொன்ன பின்பும், மூன்றுமுறை நடக்கத் தொடங்கி மூன்றுமுறையும் கைவிட்டவன்.

திருமூல நாயனார் உடம்பை முன்பு இழிவாக எண்ணியதாகவும், அதனுள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் பேணலானதாகவும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் கூறுகிறார். வசந்தமண்டபம் ஒழுகினால் உடனே உபயகாரரைத் தேடுகிறோம். இந்தக் கோயிலின் ஒழுக்கை மட்டும் ஏன் பொறுத்திருக்கிறோம்?

திருவிழாவில் முடிந்தது பின்பு முடியாமற்போவது பெரும்பாலும் துணையின்மையாலேயே. கதிர்காமப் பாதயாத்திரையில் களைத்தவரை மற்றவர்களின் அரோகரா ஓசையே முன்னே தள்ளும். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். விறுவிறுப்பாக நடக்கவேண்டும், வீதியில் நின்று ஊர்க்கதை பேசுவது கணக்கில் சேராது!

இம்முறை அயலவர் ஒருவர் படலையில் நின்று கூப்பிடுகிறார். அவர் காத்து நிற்பாரே என்ற வெட்கந்தான் என்னை எழுப்புகிறது. சர்க்கரைப் பொங்கலுக்கு இரண்டாம்முறை கைநீட்டினால் கண்ணால் சாடை காட்டுபவரும் அவரே. இப்போது நான்காவது மாதம் நடக்கிறது.

வருத்தமுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு, இயன்ற தூரத்தில் தொடங்குங்கள். எம்மிருவரோடும் சேர விரும்புவோர் காலை ஐந்தரைக்குத் தேர்முட்டியடிக்கு வரலாம்.