கத்தரிக்கோலை எப்போது கொடுப்பது?

தையற்கடையில் வேலை கற்க வரும் பையனுக்கு முதலில் கிடைப்பது காஜா எடுக்கிற வேலை. பிறகு பட்டன் கட்டுவது, ஓரம் மடித்து அடிப்பது என்று போகும். துணியில் கத்தரிக்கோல் வைக்கும் உரிமை கடைசியில்தான் வரும். தப்பாக வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் ஏற்பட்ட வரிசை இது. முதலில் வெட்டுத்துணியில் பழகினாலும், சீக்கிரமே அவன் எடுக்கிற காஜா யாரோ ஒருவர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையில் இருக்கும். அது பிரிந்தால் அந்த ஆள் கடைக்கு வந்து கேட்பார்.

தரமணியில் இரண்டு மாதம் கிளவுட் கம்ப்யூட்டிங் இன்டர்ன்ஷிப் செய்த பிறகு இந்தக் காஜா எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. எங்களுக்குக் கொடுத்தது ஒரு சாண்ட்பாக்ஸ் கணக்கு. ஒரு மெய்நிகர் சர்வரை எழுப்பு, அதில் ஒரு பக்கம் ஓடவிடு, ஸ்க்ரீன்ஷாட் எடு, அழி. ஒன்பது பேரும் அதே பக்கத்தை எழுப்பினோம், அதே பக்கத்தை அழித்தோம். யாரும் அதைப் பார்க்கவில்லை, அழித்தபோது யாரும் தேடவுமில்லை. கடைசி நாள் ஒரு பிபிடி, ஒரு சான்றிதழ்.

நடுவில் ஒருநாள் எங்கள் மென்ட்டரிடம் கேட்டேன்: “ப்ரொடக்ஷன்ல லாகாவது பார்க்கலாமாண்ணா?”

“கிளையன்ட் டேட்டாம்மா. ஏதாவது ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?”

நியாயமான பதில். அந்த சர்வரில் இருப்பது யாரோ ஒருவரின் மருத்துவ அறிக்கையாக இருக்கலாம், சம்பளக் கணக்காக இருக்கலாம். நான் கற்றுக்கொள்வதற்கு அவர்கள் சம்மதம் கொடுக்கவில்லை. நான் கற்பதன் ஆபத்தை முகம் தெரியாத ஒருவர் ஏன் சுமக்க வேண்டும்? பயிற்சி மருத்துவரின் முதல் ஊசியிலிருந்து ‘எல்’ போர்டு மாட்டிய கார் வரைக்கும் இருக்கிற கேள்விதான் இது. பொறுப்பில்லாமல் தொழில் கற்க முடியாது. கற்காதவரிடம் பொறுப்பைக் கொடுக்கவும் முடியாது.

ஆனால் அனுபவசாலிகள் மட்டும் உள்ளே இருந்தால் பாதுகாப்பு வந்துவிடுமா? 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப் என்று நம்பியிருந்தவற்றில் பல வேலை செய்யவில்லை. கிட்டத்தட்ட 6 மணி நேரத் தரவு போயே போய்விட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் படுத்துக்கொண்டது. அனுமதி பெற்ற ஊழியர் ஒருவர், வழக்கமான செயல்முறையின்படி சில சர்வர்களை எடுக்கக் கொடுத்த கட்டளையில் ஒரு உள்ளீடு தவறிப்போக, நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் கழன்றுவிட்டன.

இருவரும் இன்டர்ன்கள் இல்லை. இரண்டு நிறுவனங்களும் அதற்குப் பிறகு என்ன செய்தன என்பது முக்கியம். அமேசான் அந்தக் கருவியைத் திருத்தியது: இனிமேல் சர்வர்களை மெதுவாகத்தான் எடுக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. கிட்லேப், மீட்பு வேலையையே யூடியூபில் நேரலையாகக் காட்டியது. என்ன நடந்தது என்று விரிவாக எழுதி வெளியிட்டது. ஆளைத் துரத்துவதைவிட, அடுத்த ஆள் அதே இடத்தில் கை வைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாதபடி செய்வதுதான் பாதுகாப்பு என்று இந்தத் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறது. இன்டர்ன்ஷிப் என்று வரும்போது மட்டும் ஏன் அது மறந்துபோகிறது?

தையற்கடைக்காரருக்கு இருக்கிற தவிப்பு கிளவுடில் பாதிகூட இல்லை. ஒருவருக்குப் பார்க்க மட்டும் அனுமதி தரலாம், இந்த ஒரு சேவையை மட்டும் தொட விடலாம். செலவு ஒரு தொகையைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வைக்கலாம். மாற்றம் செய்யும் முன் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடிகிற அபூர்வமான தொழில் இது. அப்படியிருந்தும் கதவு முழுசாக மூடியே இருக்கிறதென்றால், தடையாக இருப்பது ஆபத்து மட்டும் இல்லை. கற்றுக்கொடுக்க ஒருவருடைய நேரம் வேண்டும். எங்கள் மென்ட்டருக்கு அவருடைய முழு வேலையும் அப்படியே இருந்தது. நாங்கள் ஒன்பது பேரும் அதற்கு மேல் ஏற்றிய சுமை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. 1973-ல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் இதே தரமணியில், சிஐடி வளாகத்தில்தான் இருக்கிறது. 2019 விதித் திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்றது. அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்கிறது. ஆனால் நாங்கள் ‘இன்டர்ன்’கள். அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. உதவித்தொகை இல்லை என்பதோடு முடிந்தாலும் பரவாயில்லை. சான்றிதழுக்கு மாணவர்களிடமே பணம் வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. கற்றுக்கொடுப்பதைக் கடமையாக எடுத்துக்கொள்ளாமல் சலுகையாக நினைத்தால், என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்க முடியாது.

‘பழகுநர்’ நல்ல சொல். தொழிலோடும் பழகலாம், மனிதர்களோடும் பழகலாம். இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை. தள்ளி நின்று பார்த்தால் பழக்கம் வராது.

பழைய பட்டறைகளை நான் புனிதப்படுத்தவில்லை. அங்கே அடி இருந்தது, கூலியில்லாத வருஷங்கள் இருந்தன; எந்தச் சாதிப் பையன் எந்தப் பட்டறைக்குள் நுழையலாம் என்ற கணக்கும் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, வேலையை மெல்ல மெல்லக் கைக்குக் கொடுக்கிற அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்டர்ன்ஷிப்பை எப்படி மாற்றலாம் என்று என்னைக் கேட்டால், பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டேன். நிறுவனத்துக்குள் நாலு பேராவது தினமும் பயன்படுத்துகிற ஒரு சின்ன விஷயத்தை ஒரு இன்டர்னிடம் விடுங்கள். இரவில் யாரும் தொடாத சோதனை சர்வர்களை அணைத்து, காலையில் எழுப்புகிற ஒரு நிரல் போதும். அது ஒருநாள் எழும்பவில்லையென்றால், “ஏம்மா, சர்வர் வரலையே?” என்று யாராவது வந்து கேட்கட்டும். ஏதாவது பழுதாகும்போது சீனியர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று பின்னால் நின்று பார்க்க விடுங்கள். பழைய பழுதறிக்கைகளைப் படிக்கக் கொடுங்கள். மென்ட்டரின் வேலைநேரத்தில் வாரத்துக்கு நாலு மணி நேரத்தை இதற்கென்று கணக்கில் எழுதுங்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமாவது காசு கொடுங்கள். கடைசி நாள் பிபிடிக்குப் பதிலாக, அடுத்து வரப்போகிறவருக்கு உதவுகிற மாதிரி இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

‘நான்தானே பதில் சொல்லணும்’ என்று மென்ட்டர் சொன்னதில் பயம் மட்டும் இல்லை, ஒரு தொழில்காரரின் கௌரவமும் இருந்தது. தன் வேலைக்குத் தான் பதில் சொல்லும் நிலைமைக்கு அவரும் யாரோ கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துத்தான் வந்திருப்பார். இரண்டு மாதத்தில் அந்த நிலைமை எனக்கு வந்துவிடாது என்று தெரியும். ஒரு காஜா அளவுக்காவது பதில் சொல்லியிருக்கலாம்.