மூத்தவருக்குரிய கடன்

2025 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் எங்கள் வத்தலக்குண்டு இளைஞர் சிலர் என்னையும் வற்புறுத்தி மதுரைக்கு அழைத்துச் சென்றனர். 21 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி அப்போது சென்னையிலும் மதுரையிலுமாக நடந்துகொண்டிருந்தது. 24 நாடுகளின் அணிகள் அதில் கலந்துகொண்டன. நாங்கள் சென்ற அன்று இந்திய அணி சுவிட்சர்லாந்தை 5-0 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும் பேருந்தில் நிலக்கோட்டையைக் கடக்கும் வேளையில், பிள்ளைகளின் பேச்சு ஹாக்கியை விட்டுக் கிரிக்கெட்டுக்குத் தாவியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், நவம்பர்த் திங்களில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தன் மூத்த ஆட்டக்காரர் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டிருந்தது.

"2012 முதல் உழைத்த மனிதர். 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர். அவரைக் கறிவேப்பிலை போல் எடுத்து எறிந்துவிட்டார்களே! இது நியாயமா ஹஜ்ரத்?" என்று ஒரு தம்பி கேட்டார். மற்றொருவர் விடவில்லை. "அணி என்ன தர்ம சத்திரமா? நாளைக்கு யார் ஆடுவார் என்றுதானே பார்க்க வேண்டும்?" என்றார்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கேள்வி ஜடேஜா ஒருவரோடு முடிவதன்று. ஒரு மூத்தவர் நெடுங்காலம் உழைத்திருக்கிறார். உழைப்பின் பயனை நாம் அனுபவித்திருக்கிறோம். இப்போது அவரைவிட நன்றாகச் செய்யக்கூடிய இளையவர் ஒருவர் வாயிலில் நிற்கிறார். நாம் யாருக்குக் கடன்பட்டவர்கள்? அணிகளில் மட்டுமா, பள்ளிக்கூடத்திலும் கடையிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இக்கேள்வி எழாமலா இருக்கிறது?

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்து வினையாடல் என்று இன்னோர் அதிகாரமும் அவரே வகுத்தார். முன்னது பெற்ற உதவியை மறவாமை பற்றிப் பேசுகிறது. பின்னது தகுதி ஆராய்ந்து பணியை ஒப்படைத்தல் பற்றிப் பேசுகிறது. இரண்டும் ஒரே நூலுக்குள் சண்டையின்றி வாழ்கின்றன. நாம்தான் ஒன்றை எடுத்து மற்றொன்றை அடிக்கிறோம்.

முதலில் பதவி என்பது என்ன என்று தெளிய வேண்டும். அது பழைய உழைப்புக்குக் கொடுக்கும் கூலியன்று, அமானிதம். அமானிதத்தை அதற்குத் தகுந்தவரிடம் ஒப்படைப்பதே கடமை. ஹிஜ்ரி 11 இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரியாவின் திசைக்கு அனுப்பவிருந்த படைக்கு உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைத் தலைவராக்கினார்கள். உஸாமாவுக்கு அப்போது ஏறத்தாழ இருபது வயது. உமர் (ரலி) போன்ற மூத்தவர்கள் அப்படையில் சாதாரண வீரர்கள். முணுமுணுப்பு எழாமல் இல்லை. அதை நாயகம் அவர்கள் ஏற்கவில்லை. உஸாமா அப்பொறுப்புக்குத் தகுதியுடையவரே என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது, 'இவர் முப்பது ஆண்டு ஓட்டியவர். கண் மங்கினால் என்ன, நன்றிக்காக இன்றும் இவரே ஓட்டட்டும்' என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. பின்னிருக்கையில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நன்றிக்கடனை அவர்களுடைய உயிரைக் கொண்டு அடைப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

ஆகவே, இரண்டாம் தம்பி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி எங்கே என்பதற்கு, அன்று நாங்கள் பார்த்துவந்த ஹாக்கியின் வரலாற்றிலேயே சான்று உண்டு.

தன்ராஜ் பிள்ளையின் பெயரை அறியாதவர் இரார். புனேக்கு அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்கு 1968 இல் பிறந்தவர். 4 ஒலிம்பிக், 4 உலகக் கோப்பை, 4 ஆசிய விளையாட்டு என்று ஆடியவர். 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் சென்ற அணி, இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை டை-பிரேக்கரில் வென்று தங்கம் கொணர்ந்தது. 1966 க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது. சென்னையைச் சேர்ந்த முகம்மது ரியாஸும் அவ்வணியில் இருந்தார். நாடே கொண்டாடியது. கொண்டாட்டத்தின் ஓசை அடங்குமுன், அடுத்த அணியில் தன்ராஜ் இல்லை. டை-பிரேக்கரில் பந்தைத் தடுத்து வெற்றி தேடித்தந்த கோல் காப்பாளர் ஆஷிஷ் பல்லாலும் இல்லை. இன்னும் சில மூத்தவர்களும் இல்லை. அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட காரணம் ஒரே சொல்: ஓய்வு. ஆட்டக்காரர்களுக்குரிய படியும் வசதியும் போதவில்லை என்று தன்ராஜ் வாய்திறந்து பேசியதற்குக் கிடைத்த பரிசே இவ்வோய்வு என்று பலரும் கருதினர்.

முப்பது வயதில் ஓய்வளிக்கப்பட்ட அம்மனிதர் திரும்பி வந்தார். 2000 இலும் 2004 இலும் ஒலிம்பிக் ஆடினார். 2003 இல் இந்தியா முதன்முறையாக ஆசியக் கோப்பையை வென்றபோது அணித் தலைவர் அவரே. அவ்வாறாயின், 1998 இல் நடந்த தவறு எது? நீக்கியதா? தேர்வாளர் எவரையும் நீக்கலாம். அது அவர்கள் பொறுப்பு. கணிப்பில் பிழைப்பதும் மனித இயல்பு. தவறு அந்த 'ஓய்வு' என்ற சொல்லில் இருக்கிறது. காரணம் தகுதிக்குறைவு என்றால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய்த்துடுக்கு என்றால் அதையாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் சொல்லாமல், கேளாத ஒருவருக்கு ஓய்வைப் போர்த்தியது பொய்ச்சாட்சிக்கு மிக அருகில் வருகிறது.

பேருந்தில் என் நா எழாமற்போன காரணத்தை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும்.

பல்லாண்டுகளுக்கு முன் நான் ஒரு மத்ரஸாவில் பணியாற்றினேன். அங்கே குர்ஆன் மனனப் பிரிவில் ஒரு மூத்த உஸ்தாத் இருந்தார். எனக்கும் எழுத்துச் சொல்லித் தந்தவர் அவரே. ஸுப்ஹுக்கு முன்னரே பிள்ளைகளை எழுப்பி, வெந்நீர் வைத்து, ஒவ்வொருவர் ஓதுவதையும் காதருகே வைத்துக் கேட்பார். காலம் சென்றது. செவி மந்தமாயிற்று. பிள்ளைகள் ஓதுகையில் ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாக ஒலிப்பது அவருக்கு எட்டவில்லை. திருத்தப்படாத பிழை மனத்தில் பதிந்துவிட்டால் பிறகு அதைப் பெயர்த்தெடுப்பது எத்துணைக் கடினம் என்பதை ஓதிக்கொடுப்பவர் அறிவர். நிர்வாகிகள் என்னை அழைத்து, "நீங்கள் அவருடைய மாணவர், நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்" என்றனர். நான் சென்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "ஹஜ்ரத், உடம்பு தளர்ந்திருக்கிறது, ஒரு மாதம் ஊருக்குப் போய் ஓய்வெடுத்து வாருங்கள்" என்றேன். அவர் மகிழ்ந்து எனக்காக துஆச் செய்துவிட்டுப் புறப்பட்டார். மாதம் முடிந்து பெட்டியோடு திரும்பியபோது, அவருடைய இடத்தில் வேறோர் இளைஞர் அமர்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். செய்தியை அவருக்குச் சொன்னவன் நானல்லன். பத்து வயதுப் பிள்ளை ஒருவன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "காது கேட்கவில்லை என்று நீ சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனே, வாப்பா" என்றார். அவ்வளவே.

அவரை மாற்றியது சரி என்றே இன்றும் எண்ணுகிறேன். பிள்ளைகளின் ஓதல் எங்கள் கையில் இருந்த அமானிதம். ஆனால், நான் செய்த முறை சரியன்று. அவர் மனம் நோகக் கூடாதென்று பொய் சொன்னதாக நெடுநாள் எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். உண்மை அதுவன்று. அவர் முகம் வாடுவதை நான் நின்று பார்க்கவேண்டியிராது என்பதற்காகவே சொன்னேன்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் காலித் பின் வலீத் (ரலி) அவர்களைப் பதவியிலிருந்து விலக்கிய நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அனைவரும் பாடத்தில் கேட்டிருப்பர். அல்லாஹ்வின் வாள் என்று பெயர் பெற்ற தளபதி அவர். யர்மூக் வெற்றி நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்குள், ஹிஜ்ரி 17 இல், அவ்விலக்கல் நிகழ்ந்தது. அதன் நியாயத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். காலிதின் உள்ளம் புண்பட்டதை அவர்கள் மறைக்கவுமில்லை. ஆயினும், உமர் அவர்கள் ஒன்று செய்தார்கள். கோபத்தாலோ, காலித் நம்பிக்கை மோசம் செய்ததாலோ விலக்கவில்லை; வெற்றி இறைவனிடமிருந்து வருவதை மறந்து மக்கள் ஒரு மனிதர்மீதே நம்பிக்கை வைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தாலேயே விலக்கினேன் என்று நாடெங்கும் கடிதம் எழுதி அறிவித்தார்கள். விலக்கப்பட்டவர் மீது பழி ஒட்டாதவாறு காரணத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்கள். காலித் அவர்கள் இறக்கும் தறுவாயில் தம் மரண சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பை அந்த உமரிடமே விட்டுச்சென்றதாக நூல்கள் கூறுகின்றன. 'ஓய்வு' என்று சொல்லி அனுப்பியிருந்தால் அந்நம்பிக்கை மிஞ்சியிருக்குமா?

ஜடேஜாவை 'விற்றுவிட்டார்கள்' என்று பிள்ளைகள் சொன்னதற்கும் ஒரு விளக்கம் தேவை. சுதந்திர மனிதரை விற்பதும் வாங்குவதும் செல்லாது என்பது நம் சட்ட நூல்களின் முடிவு. கூலி பேசி ஒருவரை அமர்த்துவதற்கு 'இஜாரா' என்று பெயர். அங்கே கைமாறுவது குறித்த காலத்துக்குரிய உழைப்பின் பயன் மட்டுமே. காலமும் கூலியும் தெளிவாயிருக்க வேண்டும். இருதரப்புச் சம்மதமும் வேண்டும். இத்தகைய மாற்றத்துக்கு ஆட்டக்காரரின் இசைவு வேண்டுமென்று கிரிக்கெட் விதிகளும் கேட்கின்றன. ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாயிற்று. அவர் 2008 இல் முதன்முதல் ஆடிய அணிக்கே திரும்பினார். அறிந்து இசைந்து சென்றவரைக் கறிவேப்பிலை என்பது அவருக்கே மரியாதையன்று. ஏலம், விலை, சரக்கு என்ற சொற்கள் நம் வாயில் பழகிப் பழகி, ஆளுக்கும் உழைப்புக்கும் உள்ள வேறுபாடு நம் மனத்தில் அழிந்துவிடாதிருந்தால் போதும்.

நன்றிக்கடனை எவ்வாறுதான் அடைப்பது? தியான் சந்தை நினைத்துப் பாருங்கள். 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக் தங்கங்களில் பங்குகொண்டவர். முதுமையில் அவரை அணியில் சேர்க்கவில்லையே என்று ஒருவரும் குறைகூறவில்லை. பொருள் நெருக்கடியில் வாடி 1979 இல் தில்லி மருத்துவமனையில் இறந்தாரே, அதுதான் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. அவர் கேட்டிருக்கக்கூடியது ஆடுகளத்தில் ஓர் இடமன்று, மறவாமை மட்டுமே.

அன்று மதுரையில் ஆடுகளத்தின் ஓரம் நின்றிருந்த பயிற்சியாளர் ஸ்ரீஜேஷைப் பிள்ளைகள் எனக்குச் சுட்டிக்காட்டினர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு வயது 36. ஏதென்ஸில் தன்ராஜுக்கு இருந்த அதே வயது. காலிறுதியில் பத்துப் பேராகக் குறைந்துபோன அணியைக் கோல் முன் நின்று காத்து, வெண்கலம்வரை கொண்டு சேர்த்தார். வயது ஒன்றே அளவுகோலாயிருந்தால் அப்பதக்கம் நமக்கில்லை. இதுவே தம் கடைசிப் போட்டி என்று தொடங்குமுன்னரே அவர் தாமாக அறிவித்திருந்தார். அவர் அணிந்த 16 ஆம் எண்ணை மூத்தோர் அணியில் இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. இளையோர் அணியைப் பழக்கும் பொறுப்பையும் அவரிடம் தந்தது. அவர் பழக்கிய பிள்ளைகள் அந்த டிசம்பரில் அர்ஜென்டினாவை 4-2 என வென்று வெண்கலம் பெற்றனர்.

இதில் அணி செய்தது ஒரு பாதி. மூத்தவர் தாமே செய்தது மறுபாதி. அப்பாதியைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. உஸாமாவின் படையை வழியனுப்பச் சென்ற கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள், அவ்விளைஞர் வாகனத்தில் அமர்ந்திருக்கத் தாம் நடந்தே உடன்சென்றார்கள். உமரை மதீனாவில் தம்மோடு விட்டுச்செல்ல இயலுமா என்று அவரிடம் அனுமதியும் கேட்டார்கள். ஆட்சித் தலைவர் கட்டளையிட்டிருக்கலாம். இடம் இப்போது யாருடையது என்பதை அறிந்து, கேட்டுப் பெற்றார்கள்.

பேருந்து வத்தலக்குண்டு நிலையத்துக்குள் நுழைந்தபோது அத்தம்பிகளிடம் இதனைச் சுருக்கமாகச் சொன்னேன்: தகுதியுள்ளவருக்கு இடம், உழைத்தவருக்கு உண்மையும் உரிய கடனும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கக் கூடாது.

எனக்கும் ஐம்பது கடந்துவிட்டது. அடுத்த நாள் காலை, பாடம் தொடங்குமுன், வளர்ந்த மாணவர் இருவரை அழைத்தேன். மாதத்தில் ஒரு நாள் நீங்கள் ஓதுங்கள். ஆங்காங்கே வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி ஓதுங்கள். நான் பிடிக்கத் தவறினால் நிர்வாகியிடம் போகாதீர்கள், என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள் என்றேன். இருவரும் தலைகுனிந்து, "உங்களிடம் எப்படிச் சொல்வது ஹஜ்ரத்?" என்றனர். எப்படிச் சொல்வதென்று அன்றைய பாடத்தில் அதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தேன்.