உயிருக்கு விலை வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை

2025ஆம் ஆண்டு ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து வந்த செய்தி தமிழ்நாட்டைத் தலைகுனிய வைத்தது. கடனில் மூழ்கிக் கிடந்த விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் தேடிப் பிடித்து, பண ஆசை காட்டி, சிறுநீரகத்தை விற்கச் செய்திருந்தார்கள். அரசு விசாரணை நடத்தியது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று உரிமம் ரத்தானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். சமூகம் விடை சொல்ல வேண்டிய கேள்வி வேறு: மருத்துவம் காசுள்ளவன் வாங்கிக்கொள்ளும் சரக்கா, எல்லோருக்கும் அரசு ஆற்ற வேண்டிய கடமையா?

கடமைதான். இதில் ஊசலாட இடமே இல்லை.

சென்னை சிந்தாதிரிப்பேட்டையின் வரலாற்றை அறிந்தவர்களுக்குப் பள்ளிபாளையத்துச் செய்தி இன்னும் ஆழமாகத் தைக்கும். 1734இல் ஆளுநர் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தவே கூவம் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனி உருவாக்கிய பேட்டை இது. லாபமே குறியாக இருந்த அந்த வணிகர்கள்கூட நெசவாளியிடம் கேட்டது துணியைத்தான். இன்றைய சந்தை தறிக்காரனின் உடலுறுப்பையே கேட்கிறது. சென்னைக்கு இது புதிதும் அல்ல. ஏழைகள் சிறுநீரகம் விற்றதால் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வந்த காலம் உண்டு. 1994இல் மத்திய அரசு சட்டம் இயற்றி உறுப்பு விற்பனையைத் தடை செய்தது. உறவினர் அல்லாதவர் அன்பின் பேரில் தரலாம் என்று அந்தச் சட்டம் திறந்து வைத்த சிறு வாசலிலும் தரகர்கள் புகுந்துவிட்டார்கள். சட்டம் தடுத்தும் வணிகம் நிற்கவில்லை என்றால், பிழை அதைவிட ஆழத்தில் இருக்கிறது. உயிர் காக்கும் சிகிச்சைக்கு விலைப்பட்டியல் ஒட்டிவிட்ட சமூகத்தில், கொடுக்கப் பணமில்லாதவன் கடைசியில் தன் உடம்பையே விலைப்பொருளாக்குகிறான்.

நம் முன்னோர் இதை எப்படிப் பார்த்தார்கள்? வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிவிடை செய்பவர் என்று நான்கை மருத்துவத்தின் கூறுகளாக வைத்தார். ஐந்தாவதாகப் பணத்தை அவர் சேர்க்கவில்லை. மணிமேகலை காயசண்டிகையின் உருவில் பசிப்பிணி தீர்த்தபோது வந்தவனிடம் காசு கேட்கவில்லை. சிறைக்கோட்டம் அவளால் அறக்கோட்டமாயிற்று. அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், சோழ பாண்டிய நாடுகள் வரை மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைப் பொறித்தார். திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையையும், அதற்கு மருத்துவர் முதல் பணிப்பெண்கள் வரை ஒதுக்கிய நெல்லையும் கணக்காக எழுதி வைத்திருக்கிறது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைச் சோழர் தம் குலமுதல்வனாகப் போற்றினார்கள். கண்ணையே பெயர்த்து வைத்த கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்துத் தமிழர் வணங்குகிறார்கள். உடலைத் தருவது இந்த மண்ணில் அன்பின் உச்சம். அதை விற்க வைப்பதைப் பாவம் என்று சொல்லத் தயங்கக் கூடாது.

இந்த மரபு ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. 1946இல் நாட்டின் மருத்துவ நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு, பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று அறிக்கை தந்தது. அந்தக் குழுவில் நம் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் இருந்தார். சிந்தாதிரிப்பேட்டையைச் சுற்றி அந்தக் கொள்கை கட்டடங்களாகவே நிற்கிறது. 1664இல் கோட்டைக்குள் தோன்றிய ஜி.எச். என்கிற அரசு பொது மருத்துவமனை, 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி எல்லாம் எட்டும் தூரத்தில்தான். தலைமைச் செயலகத்துக்காக எழுப்பிய ஓமந்தூரார் வளாகமும் 2014இல் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. லட்சங்களை விழுங்கும் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை ஜி.எச்.சில் இலவசமாக நடக்கிறது.

பொது மருத்துவத்தின் மேன்மை நோய் முற்றும் முன்பே தெரியும். சிறுநீரகம் பழுதாவதற்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் முக்கியக் காரணங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்விரண்டுக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. ஒருவருக்கு டயாலிசிஸ் தேவைப்படாமலே போனால் அரசுக்குச் செலவு மிச்சம், குடும்பத்துக்கு நிம்மதி. சந்தைக்கு அது வருமான இழப்பு. நோய் வராமல் காப்பதில் லாபம் காணாத அமைப்பிடம் ஒரு நாட்டின் ஆரோக்கியத்தை ஒப்படைக்கலாமா?

தனியார் மருத்துவமனைகள் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. 1983இல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோ வந்த பிறகு உயர் சிகிச்சை பல துறைகளில் வளர்ந்தது. அரசு மருத்துவமனையின் நெரிசலுக்கு அஞ்சி, தன் காசில் சிகிச்சை பெற விரும்புவோருக்கு அந்த உரிமையும் உண்டு. ஆனால் அந்த உரிமை வசதியைச் சார்ந்தது. வாழும் உரிமை அப்படி அன்று. நெரிசலுக்கு மருந்து கூடுதல் மருத்துவர்களும் செவிலியர்களும்தானே ஒழிய, ஏழையைத் தனியார் வாசலுக்கு அனுப்புவது அன்று. அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதும் போதாது. வரிப்பணம் அந்த வழியில் தனியாருக்குப் போகும் அளவுக்கு, அரசு மருத்துவமனையை வலுப்படுத்தும் பணம் குறையத்தான் செய்யும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. ராஜஸ்தான் 2023இல் மருத்துவத்தை உரிமையாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. பொது மருத்துவத்துக்கு முன்னோடி என்று பெயர் பெற்ற தமிழ்நாடு அதில் பின்தங்கியிருப்பது முறையன்று. வட்ட மருத்துவமனைவரை டயாலிசிஸ் வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். தனியார் கட்டணம் வெளிப்படையாகவும் வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். வசதியுள்ளோர் அரசு மருத்துவமனையை 'இல்லாதவர்களுக்கானது' என்று ஒதுக்காமல், தமக்கும் உரியதாகக் கருதி அதன் தரத்துக்காகக் குரல் எழுப்ப வேண்டும். தறிக்காரனின் உடலும் தனவந்தனின் உடலும் ஒரே மதிப்புள்ளவை என்று ஏற்பவர்கள், அந்த மதிப்பைச் சட்டத்திலும் நிதிநிலை அறிக்கையிலும் எழுதச் சொல்லி ஆள்வோரை வற்புறுத்தட்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் வைக்க வேண்டிய கேள்வியும் அதுவே.