முதல் விருந்தாளி

'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்று ஒரு பொருள் உண்டு. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறது. புதிதாக யாக்கப்படுவது அங்கே விருந்து. வீட்டுக்கு வரும் புதியவரும் விருந்து, அவருக்கு இடும் சோறும் விருந்து. குறள் விருந்தையும் சுற்றத்தையும் தனித்தனியாகவே எண்ணுகிறது. பரிமேலழகர் விருந்தினரை இரண்டு வகையாக்குகிறார்: முன்பே அறிந்து வந்தவர், அறியாமல் வந்தவர். இந்த இரண்டாவது வகைதான் சொல்லின் பொருளுக்கு மிக நெருங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. மாமன் மச்சான் வந்தால் அது வரவு. முன்பின் தெரியாதவன் வந்தால்தான் விருந்து.

இந்தச் சொல்லாராய்ச்சிக்குள் நான் போனது ஒரு ஸ்தூலமான நிர்ப்பந்தத்தால். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நாள் வாடகைக்கு விடும் வீடுகள் முளைத்திருக்கின்றன. ஊர்க்காரர்கள் 'ஹோம்ஸ்டே' என்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் குமுளியில் இது பழகிய தொழில். கேரள சுற்றுலாத் துறை இத்தகைய வீடுகளை வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்திருக்கிறது. இந்தப் பக்கம், 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. வெளியூர்க்காரன் வருவான் என்று நம்புவதற்கு இவ்வளவு போதும். சுருளிப்பட்டிப் பக்கம் என் பள்ளி நண்பன் கடன் வாங்கித் தோட்டத்துக்குள் இரண்டு அறை கட்டினான். படம் எடுத்து ஏர்பிஎன்பியில் ஏற்றினான். தவணை மாதம் தவறாமல் வந்தது. ஆள் வரவில்லை.

காரணம் எளியது. யாரும் மதிப்புரை எழுதாத வீட்டில் தங்க ஆள் வருவதில்லை. ஆள் தங்காத வீட்டுக்கு மதிப்புரை கிடைப்பதில்லை. மூன்று பேராவது மதிப்பிட்ட பிறகுதான் அங்கே நட்சத்திரச் சராசரியே தெரியும். நண்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். "மாப்ள, எழுதுறவன்தானே நீ. ஒரு நாளைக்கு ரூம் போட்டுக் காசக் கட்டு, கையில திருப்பித் தந்துர்றேன். நாலு வரி நல்லா எழுதிப் போடு. இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லி வச்சிருக்கேன்." நான் தயங்கியதும், "வீடு நல்ல வீடுதானே, இதுல பொய் எங்க இருக்கு?" என்றான்.

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. வீடு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. நான் எழுதக்கூடிய நாலு வரியில் ஒவ்வொரு வாக்கியமும் நிஜமாகவே இருந்திருக்கும். பொய் வாக்கியங்களுக்கு வெளியே, எழுதுகிறவன் நிற்கும் இடத்தில் இருக்கிறது. காசைக் கொடுத்து, அந்நியனாகப் போய், ஒரு ராத்திரியைப் பணயம் வைத்தவன் சொல்வதாக அந்த வரிகள் படிக்கப்படும். நான் எதையும் பணயம் வைத்திருக்க மாட்டேன்.

வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வித்தியாசம் பழக்கமானது. முன்பெல்லாம் கணக்குத் தொடங்க வருகிறவரை ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் கையெழுத்திட்டு அறிமுகப்படுத்த வேண்டும். இவரை எனக்குத் தெரியும் என்பதே அந்தக் கையெழுத்தின் முழு அர்த்தம். தெரிந்தவர் என்பதால்தான் அதற்கு மதிப்பு. இதற்கு நேர் எதிரானது அகாமடேஷன் பில். சரக்கு எதுவும் கைமாறாமல், வியாபாரம் நடந்ததுபோல் இருவர் உண்டியல் எழுதிக் கையெழுத்திட்டு, அதைக் காட்டிப் பணம் புரட்டுவது. காகிதத்தில் குறை இருக்காது. அதற்குப் பின்னால் ஒரு மூட்டை ஏலக்காய்கூட இருக்காது. நண்பன் கேட்டது இந்த இரண்டாவது கையெழுத்தை.

2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்ட முடியாத இரண்டு இளைஞர்கள் தங்கள் அறைத் தரையில் மூன்று காற்று மெத்தைகளைப் போட்டு ஆள் தேடினார்கள். ஏர்பிஎன்பியின் தொடக்கம் அதுதான். மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியர். ஊரில் ஒரு வடிவமைப்பாளர் மாநாடு, ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன, ஆகவே வந்தார்கள். நட்சத்திரம் பார்த்து வர அப்போது நட்சத்திரமே இல்லை. முதல் விருந்தாளியை நாம் கவர்ந்து இழுப்பதாக நினைக்கிறோம். அவனுடைய தேவைதான் அவனைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சான்று இல்லாத இடத்தில் தலையைச் சாய்க்கிறான். பின்னால் வருகிறவர்கள் அனைவரும் அவன் துணிச்சலின் வட்டியில் வாழ்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து விருந்தோம்பல் உயர்ந்தது, காசுக்கு விடும் வீடு தாழ்ந்தது என்று பாட நான் தயாராக இல்லை. நம் ஊரில் வந்தவனிடம் முதலில் கேட்பது "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" அது விசாரிப்பு மாதிரி தெரியும்; ஜாதியைத் தெரிந்துகொள்ளும் தந்திரம். யாருக்குத் திண்ணை, யாருக்கு உள்வீடு, யாருக்குத் தெருவோடு சரி என்பது அந்தப் பதிலில் தீர்மானமாகிவிடும். 1989-ல் போடியில் ஜாதிக் கலவரம் நடந்த மண் இது. வாடகையாவது யார் என்று கேட்காமல் எவ்வளவு என்று கேட்கும் என ஒருவர் ஆறுதல் கொள்ளலாம். அந்த ஆறுதலும் அரைகுறைதான். 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்குக் கறுப்பர் என்று தெரியும்படியான பெயரில் போன வேண்டுகோள்கள், வெள்ளையர் பெயரில் போனவற்றைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவாக ஏற்கப்பட்டன. திண்ணை அங்கேயும் இருக்கிறது.

நண்பனும் 'குடும்பத்தினர் மட்டும்' என்று போட்டிருந்தான். அவன் வீட்டு வாசல் வழியாகத்தான் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வேன்கள் சுருளியில் குளிக்கப் போகின்றன. தினமும் ராத்திரி அந்நியர்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, அவன் போனுக்குள் விருந்தாளியைத் தேடிக்கொண்டிருந்தான். போன மார்கழியில் ஒரு வேன் கிளட்ச் போய் அவன் வீட்டுக்கு எதிரிலேயே நின்றது. மாலை போட்ட பதினான்கு பேர். இரண்டு அறையும் வராந்தாவும் நிறைந்தன. முற்றத்தில் அவர்களே சமைத்தார்கள். மறுநாள் மெக்கானிக் வந்ததும் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பரிமேலழகரின் இரண்டாவது வகை. "ஒருத்தரும் ஒண்ணும் எழுதலையே மாப்ள" என்று நண்பன் வருத்தப்பட்டான். போனில் பதியாமல் வந்தவர்கள் எழுதவும் முடியாது. கணக்கில் அவன் வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை.

நான் அவனுக்கு எழுதிக் கொடுத்த நாலு வரிகள் வேறு. அவன் பெயரிலேயே, வீட்டு விவரத்தில் போட: 'புது வீடு. இதுவரை மதிப்புரை இல்லை. தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளில் வாடை வரும். யானை நடமாட்டம் இருந்தால் வனத்துறை அருவியை மூடிவிடும்.' முதல் மூன்று பேருக்கு 20 சதவீதம் தள்ளுபடி தர அந்த ஸ்தாபனமே ஒரு வசதி வைத்திருக்கிறது. அதையும் போடச் சொன்னேன். இந்தத் தள்ளுபடியில் ஒரு நேர்மை இருக்கிறது. முதலில் வருகிறவன் மற்றவர்களைவிட ஏதோ ஒன்றை அதிகமாகத் தருகிறான் என்று அது ஒப்புக்கொண்டு, அதற்குப் பகிரங்கமாக விலை கொடுக்கிறது. நண்பனுக்கு இதில் பூரண திருப்தி இல்லை. தவணைக்கு என் தார்மீகம் புரியாது என்றான். அது சரிதான். அந்தச் சுமையில் பங்கு எடுக்காதவன் சொல்லும் நியாயத்துக்கு எடை குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று பொய்ச் சாட்சிகளை நம்பி நான்காவதாக வருகிறவன் நண்பனின் தவணையைக் கட்ட ஒப்புக்கொண்டவன் அல்லன்.

இதைப் படிப்பவர்களுக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். முன்னூறு பிரதி அச்சிட்டு முதல் தொகுதி கொண்டுவரும் கவிஞனின் நிலையும் என் நண்பனின் நிலையும் ஒன்றே. கையெழுத்துப் பிரதியை இரண்டு தடவை திருத்திக் கொடுத்த சிநேகிதர், 'புத்தகக் கடையில் தற்செயலாகக் கையில் எடுத்தேன்' என்று மதிப்புரையைத் தொடங்குகிறார். நம் வட்டம் சிறியது. ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது தவிர்க்க முடியாதது, குற்றமும் அல்ல. பெயர் போட்டு எழுதிய முன்னுரை அறிமுகக் கையெழுத்து. அந்நியன் வேஷம் போட்ட புகழுரை அகாமடேஷன் பில். அதனால் ஏமாறுகிறவன் இரண்டாவது வாசகன் மட்டும் அல்லன். தெரியாத ஒருவன் தானாக வந்து அந்தக் கவிதைகளுக்குள் ஒரு ராத்திரி தங்கியிருப்பானா என்பதைக் கவிஞனும் கடைசிவரை அறிய மாட்டான். அப்படி ஒருவன் வந்து, தங்கி, ஒரு வரிகூட எழுதாமல் போய்விடலாம். விருந்து என்ற சொல் அவனையும் சேர்த்துக்கொள்கிறது.